பாலியலைப் படிக்க ஆசை, ஆனால் என்ன வேலைக்குப் போவது?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு றிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் அக்காவின் மகள், போன மாதம் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "சின்னம்மா, ஒண்டு கேப்பன், அம்மாட்டச் சொல்லக்கூடாது" என்றாள். காதல் கீதல் ஏதோ என்று நினைத்து அடுப்பைக் குறைத்தேன்.

"செக்ஸாலஜிஸ்ட் ஆகிறதெண்டால் என்ன படிக்கவேணும்?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. சுகாதாரக் கணக்கெடுப்புகளில் தமிழில் கேள்வி கேட்பவளாகப் பல வருடம் வீடு வீடாக அலைந்தவள் நான். குடும்பத்தில் இந்த மாதிரி விஷயத்தை முகம் சிவக்காமல் பேசக்கூடியவள் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது (அது பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை). அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் 'பாலியல் படிப்பு' என்ற சொல்லை எல்லோரும் பாவிக்கிறோம், ஆளுக்கொரு அர்த்தத்தில். ஒருவருக்கு அது ஞாயிறு பத்திரிகையில் கேள்வி பதில் எழுதும் டொக்டர். இன்னொருவருக்கு வரி விளம்பரத்தில் 'இழந்த சக்தியை' மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஆள். மூன்றாமவருக்கு ஆணுறை விநியோகிக்கும் தொண்டு நிறுவனம். அக்காவைக் கேட்டால், கெட்டுப்போன பிள்ளைகள் படிக்கும் ஏதோ ஒன்று.

முதலில் சாப்பாட்டைப் பார்ப்போம்

காலி வீதியில் ஒரு சைவக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தோசை வார்ப்பவருக்குச் சாப்பாடு பற்றித் தெரியும். திடீரென்று வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தெரியும், ஆனால் அவர் பார்ப்பது ருசியை இல்லை, கிருமியை. அந்தக் கடையில் தினமும் சாப்பிட்டுச் சீனி வியாதி வந்தவருக்கு, எத்தனை இட்லியோடு நிறுத்த வேண்டும் என்று சொல்லும் போஷாக்கு நிபுணர் வேறு ஒருவர். மாதம் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போகும் புள்ளிவிபரத் திணைக்கள உத்தியோகத்தர் இன்னொருவர். இடியப்பம் எந்த வழியால் எங்கே போனது என்று பழைய ஏடு புரட்டும் வரலாற்றுக்காரரும் இருக்கிறார்.

அத்தனை பேரும் சாப்பாட்டைப் படித்தவர்கள். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது. 'சாப்பாட்டியல் பட்டதாரி' என்று யாரும் கிடையாது. அப்புறம், நன்றாகச் சாப்பிடுவேன் என்பது இவற்றில் எதற்கும் தகைமை ஆகாது. பாலியல் படிக்கப் போகிறேன் என்றதும் நமட்டுச் சிரிப்புச் சிரிக்கிறவர்கள் இந்தக் கடைசி வசனத்தை இரண்டு தரம் வாசிக்கவும்.

சொற்களை ஒருமுறை சரிபார்ப்போம்

பால் என்றால் உடல் சார்ந்தது: உறுப்பு, ஹோர்மோன், நிறமூர்த்தம். பால்நிலை என்பது ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று சமூகம் எழுதிவைத்திருக்கும் பாடமும், அதற்குள் ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதும். பாலியல் இவை இரண்டையும் உள்ளடக்கி இன்னும் அகலமாகப் போகிறது. ஆசை, உறவு, இன்பம், பயம், பிள்ளைப்பேறு, நோய், வெட்கம், சட்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். இவ்வளவையும் முறையாக ஆராயும் துறைக்குப் பாலியலியல் என்று பெயர். செக்ஸாலஜி என்பது இதைத்தான்.

இந்தத் துறையைத் தொடங்கியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1919இல் பெர்லினில் இதற்கென ஒரு நிறுவனத்தைத் திறந்த மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் ஒரு வைத்தியர். 1933 மே மாதம் நாஜிகள் அதைச் சூறையாடி நூலகத்தைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அமெரிக்காவில் 1948இல் ஆண்களின் பாலியல் நடத்தை பற்றியும் 1953இல் பெண்களுடையது பற்றியும் புத்தகம் வெளியிட்டு உலகத்தையே பேச வைத்த அல்ஃபிரட் கின்சி ஒரு பூச்சியியல் ஆள். அதுவரை குளவிகளைப் பிடித்து அளந்துகொண்டிருந்தவர். உடலுறவின்போது உடலில் என்ன நடக்கிறது என்பதை ஆய்வுகூடத்தில் அளந்து 1966இல் வெளியிட்ட இருவரில் வில்லியம் மாஸ்டர்ஸ் மகப்பேற்று வைத்தியர். கூட வேலை செய்த வேர்ஜினியா ஜோன்சன் பட்டப்படிப்பையே முடிக்காதவர்.

வைத்தியர், பூச்சிக்காரர், பட்டம் முடிக்காத பெண். இவர்களில் யாரும் 'செக்ஸாலஜிஸ்ட்' ஆகப் படித்து வரவில்லை.

அடித்தளமும் மேல்மாடியும்

வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் சாரி பிளவுஸ் மட்டும் தைக்கும் ஒருவரிடம் நான் போவேன். முன்பு எல்லாம் தைத்தவர், காற்சட்டை, பள்ளிக்கூட யூனிபோர்ம், திரைச்சீலை வரை. இப்போது பிளவுஸ் மட்டும், அதற்கே ஒரு மாதம் முன்னால் சொல்லவேண்டும். முதல் நாளே பிளவுஸ் தையல் பழகப் போயிருந்தால் அவருக்கு மெஷினில் நூல் கோர்க்கவும் வந்திருக்காது.

பாலியல் துறையும் இப்படித்தான். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பாலியலியல் என்று இளநிலைப் பட்டம் இல்லை. மருத்துவம், தாதியியல், உளவியல், சமூகவியல், குடித்தொகையியல், சட்டம், சமூகப்பணி இவற்றில் ஏதோ ஒன்று அடித்தளம். அதன் மேல் சிறப்புப் பயிற்சி ஒரு மாடி. அதற்கு மேல் மேற்பார்வையோடு வேலை செய்த காலம். மேற்பார்வை என்றால், நீங்கள் கையாளும் ஆட்களைப் பற்றி மூத்த ஒருவரிடம் ஒழுங்காகப் பேசி, பிழை விட்ட இடத்தை அவர் காட்ட, நீங்கள் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு.

வெளிநாடு போகக்கூடியவர்களுக்கு நேரடியாக இந்தப் பெயரிலேயே படிப்பு இருக்கிறது. பெர்த்தில் கேர்டின் பல்கலைக்கழகத்திலும் பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்திலும் முதுநிலைப் பட்டம் உண்டு. மொன்றியலில் உள்ள கியூபெக் பல்கலைக்கழகத்தில் பாலியலியலுக்கென்றே தனித் திணைக்களமும் இளநிலைப் பட்டமும் உண்டு. மொன்றியலில் மாமா வீடு இருக்கிறது என்று உடனே சந்தோஷப்படாதீர்கள், படிப்பிப்பது பிரெஞ்சில். லண்டனில் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் இனப்பெருக்க, பாலியல் சுகாதார ஆராய்ச்சி என்று ஒரு முதுநிலை இருக்கிறது, அது கணக்கும் கணக்கெடுப்பும் பிடித்தவர்களுக்கு.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: இது தனி ஒரு வேலை இல்லை, பல வேலைகளுக்குள் நுழைந்து கேட்கக்கூடிய ஒரு கேள்வி. முதலில் ஏதோ ஒன்றாக ஆகவேண்டும், பிறகு அதற்குள் இதைக் கேட்கவேண்டும்.

ஆஸ்பத்திரிப் பக்கம்

உயிரியல் பிரிவில் படித்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி கைகொடுத்தால் மருத்துவ பீடம் ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். அதற்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் நிபுணத்துவப் பயிற்சி. இலங்கையில் பாலியல் தொற்று நோய் மருத்துவம் தனி ஒரு நிபுணத்துவத் துறை. பல நாடுகளில் தோல் வைத்தியரோடு சேர்த்துவிடும் இந்தத் துறையை நாங்கள் தனியாக வைத்திருக்கிறோம், அதற்கு நல்ல பலனும் கிடைத்திருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிசும் தொற்றுவதை இல்லாமலாக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. அதற்குப் பின்னால் நிபுணர்கள் மட்டும் இருக்கவில்லை. கர்ப்பிணித் தாயின் வீட்டுக்குக் குடையோடு நடந்து போய் இரத்தப் பரிசோதனைக்கு நாள் சொல்லிவிட்டு வரும் குடும்பநல மருத்துவமாதுவும் இருந்தார்.

கொழும்பு 10இல் டி சேரம் பிளேஸ் என்று ஒரு வீதி. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும் அதன் பிரதான கிளினிக்கும் அங்கேதான். அதே வீதியில் கொஞ்சம் தள்ளிக் குடும்ப சுகாதாரப் பணியகம். இந்தத் துறையில் அரச வேலை எப்படி இருக்கும் என்று யோசிப்பவர்கள் அந்த வீதியை ஒருமுறை நடந்து பார்க்கலாம். நோயாளிகள் நாடகத்தில் வருவதுபோல முகத்தை மூடிக்கொண்டு வருவதில்லை. கையில் பைல், தோளில் பை, பாங்குக்கு வந்தவர்கள் போலத்தான் இருப்பார்கள்.

மற்றக் கதவுகளும் உண்டு. சிறுநீரக, ஆணுறுப்புப் பிரச்சினைகளுக்கு யூரோலஜிஸ்ட், மகப்பேற்று வைத்தியர், வன்முறை நடந்தபின் உடலைப் பரிசோதித்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் சட்ட வைத்திய அதிகாரி. யோனித் தசைகள் தன்னையறியாமல் இறுகி உடலுறவே முடியாமல் போகும் பெண்களோடு மாதக்கணக்கில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. சீனி வியாதி கிளினிக்கில் இருக்கும் சாதாரண வைத்தியருக்கும் இந்த அறிவு வேண்டும். விறைப்புக் குறைவை ஒருவர் மானப் பிரச்சினையாக நினைத்து மறைப்பார். ஆனால் அந்த இடத்து இரத்தக் குழாய்கள் இதயத்தினுடையதை விட ஒடுக்கமானவை, அடைப்பு அங்கே முதலில் தெரியலாம். வரி விளம்பரத்துக்காரரிடம் லேகியம் வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் மாரடைப்பு வரிசையில் நிற்கும்.

உடலா மனமா என்ற சண்டைக்கும் இப்போது ஓரளவு முடிவு வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, பாலியல் சுகாதாரத்துக்கெனத் தனி அத்தியாயம் ஒதுக்கினார்கள். முன்பு பாதியை மனநோயிலும் பாதியை உடல்நோயிலும் பிரித்து வைத்திருந்தார்கள். தன்பால் ஈர்ப்பு 1990இலேயே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அதை 'மாற்றித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பேசிச் சரிசெய்யும் பக்கம்

இங்கேதான் பெயர்க் குழப்பம் உச்சத்தில். உளமருத்துவர் என்பவர் மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதலாம். உளவியலாளர் உளவியல் படித்தவர், மாத்திரை எழுதமாட்டார். நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்கும் மருத்துவ உளவியலாளராக வருவதற்குக் கொழும்பு மருத்துவ பீடத்தில் பட்டப்பின் படிப்பு இருக்கிறது. உளவளத்துணையாளர், வாழ்க்கைச் சிக்கலில் நிற்பவரோடு கூட இருந்து கேட்டு, அவராக முடிவெடுக்க உதவுபவர். இதற்குத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் டிப்ளோமா உண்டு. மூன்று மாத ஒன்லைன் கோர்ஸ் செய்துவிட்டுப் பலகை மாட்டியிருப்பவர்கள் இந்த மூன்றிலும் சேரமாட்டார்கள்.

பாலியல் சிகிச்சையாளர் இவர்களில் ஒருவர்தான், மேல்மாடி கட்டியவர். அறைக்குள் என்ன நடக்கும் என்று பெரியவர்களே என்னிடம் இரகசியமாகக் கேட்டிருக்கிறார்கள். கதிரையில் இருந்து பேசுவார்கள், அவ்வளவுதான். யாரும் உடுப்பைக் கழற்றுவதில்லை, தொடுவதில்லை. பயிற்சி ஏதும் இருந்தால் தம்பதிகள் வீட்டில் செய்துவிட்டு, அடுத்த கிழமை வந்து எப்படி இருந்தது என்று சொல்வார்கள்.

உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு நல்ல வரைபடம் இருக்கிறது. ஜாக் ஆனன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976இல் சொன்னது. நான் அதை அரிதட்டை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். பெரிய கண் உள்ள அரிதட்டில் மாவைப் போட்டால் முக்கால்வாசி விழுந்துவிடும். மிஞ்சுவதற்கு மட்டும் வேறு வழி பார்ப்போம்.

முதல் தட்டு, அனுமதி. புதிதாகக் கலியாணம் கட்டிய ஒருவர் தன்னிடம் ஏதோ கோளாறு என்று பயந்து வருகிறார். "இதைப் பற்றிக் கேக்கலாம், நிறையப் பேருக்கு இருக்கு" என்று ஒருவர் சாதாரணக் குரலில் சொல்கிறார். பாதிப் பேருடைய தோள் அந்த இடத்திலேயே இறங்குவதைப் பார்க்கலாம். இரண்டாவது தட்டு, அளவான தகவல். அவர் படத்தில் பார்த்தது வெட்டி ஒட்டியது, உண்மையில் உடல் அப்படி இயங்குவதில்லை என்று இரண்டு வசனம், ஒரு படம். மூன்றாவது, இவருக்கென்று குறிப்பான ஆலோசனை: இந்த மாத்திரையை மாற்றலாம், ஒரு மாதம் உடலுறவு முயற்சியை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்து பாருங்கள் என்பது போல. அதிலும் நிற்பவருக்குத்தான் நாலாவது தட்டு, நீண்டகாலச் சிகிச்சை. சிறுவயதில் நடந்த கொடுமை, பல வருடக் கசப்பு, ஆழமான பயம், இப்படி.

இதில் கவனிக்கவேண்டியது, முதல் இரண்டு தட்டுக்கும் சிகிச்சையாளர் தேவையில்லை. தாதி செய்யலாம், மருத்துவமாது செய்யலாம், பயிற்சி பெற்ற ஆசிரியர் செய்யலாம். நாலாவது தட்டில் வேலை செய்யப் பல வருடம் படிக்கவேண்டும், முதல் தட்டில் வேலை செய்ய முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பழகவேண்டும். முகத்தைச் சுளிக்காமல் இருப்பதும் லேசான காரியம் இல்லை.

எண்ணிப் பார்க்கும் பக்கம்

எனக்குப் பிடித்த பக்கம் இதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்வேன்.

மனிதர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? கேட்கவேண்டும். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில்தான் முழு வித்தையும். காலை ஏழரைக்கு வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்று நூறு பேரிடம் கேட்டால், கொழும்பில் எல்லோரும் ரயிலில்தான் வேலைக்குப் போகிறார்கள் என்று முடிவு வரும். நீங்கள் கேட்கத் தெரிந்தெடுக்கும் ஆட்களுக்கு மாதிரி என்று பெயர். மாதிரி கோணினால் முடிவும் கோணும். கின்சியின் பெரிய பலவீனம் அதுதான். முதல் புத்தகத்துக்கு 5,300 ஆண்களின் கதையைப் பாவித்தார், ஆனால் சிறைக் கைதிகளும் தாமாக முன்வந்து பேசியவர்களும் அதில் அளவுக்கு மிஞ்சி இருந்தார்கள். தாமாக முன்வந்து பேசுகிறவர் பேசாதவரைப் போன்றவர் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் கேட்கும் விதத்தில் அந்த மனிதர் கெட்டிக்காரர். "இதைச் செய்ததுண்டா?" என்று கேட்கமாட்டார், "முதல் முதல் எப்போது செய்தீர்கள்?" என்று கேட்பார். இதை எங்கள் அம்மாமாரும் செய்வார்கள். "சாப்பிட்டனியோ?" என்று கேட்டால் ஓம் என்று தப்பிவிடலாம். "என்ன சாப்பிட்டனி?" என்று கேட்டால் மாட்டிக்கொள்வோம்.

இலங்கையில் இந்த வகை வேலைக்கு நல்ல உதாரணம், தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் செய்த பெண்களின் நலன் பற்றிய தேசியக் கணக்கெடுப்பு. துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர், அதாவது ஐந்தில் ஒருவர், துணையிடமிருந்து உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள் என்று அது சொன்னது. அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு ஏற்பாடு தெரியுமா? இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த விதிகளின்படி ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம்தான் கேட்கலாம், தனியாகத்தான் கேட்கலாம், நடுவில் யாராவது வந்தால் பேச்சை மாற்றத் தெரிந்திருக்கவேண்டும். ஒரு தடவை பயிற்சியில் நான் சட்டென்று தாளைப் புரட்டி, "அப்ப பிள்ளைக்கு என்னென்ன ஊசி போட்டாச்சு?" என்று மாறியதைப் பார்த்துப் பயிற்றுவிப்பாளர் கைதட்டினார். என் வாழ்க்கையில் நடிப்புக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

இரண்டு சொற்கள் இங்கே அவசியம். தகவலறிந்த சம்மதம்: எதற்குக் கேட்கிறோம், என்ன செய்வோம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதெல்லாம் விளங்கிய பிறகு ஒருவர் சொல்லும் சரி. நெறிமுறைக் குழு: ஆராய்ச்சி யாருக்கும் கேடு செய்யாது என்று முன்கூட்டியே பார்த்து அனுமதி கொடுக்கும் குழு. இங்கே இவை வெறும் படிவங்களாக முடியாது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் தன்பாலினத்தவரைக் குற்றவாளியாக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. அவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர்நீதிமன்றம் சொன்ன பிறகும் நிலைமை அதுதான். உங்கள் கொப்பியில் இருக்கும் ஒரு பெயர் ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாம் என்றால், அந்தக் கொப்பியை எங்கே வைப்பது என்பதும் உங்கள் தொழில்தான்.

இதற்கான அடித்தளம் கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் உண்டு, குடித்தொகையியலுக்கென்று தனித் திணைக்களமும் உண்டு. பிறப்பு, இறப்பு, திருமணம், இடப்பெயர்வு இவற்றை எண்ணி ஆராய்வது குடித்தொகையியல்.

வகுப்பறையும் நீதிமன்றமும்

சுருக்கமாகவே சொல்லலாம். பாடப்புத்தகத்தில் இனப்பெருக்க சுகாதாரம் இருக்கிறது, பல வகுப்புகளில் ஆசிரியர் அந்தப் பாடத்தை "வீட்டில வாசியுங்கோ" என்று தாண்டிவிடுவார். 7ஆம் வகுப்புக்கென எழுதப்பட்ட ஒரு சிங்களப் புத்தகம் 2019இன் கடைசியில் பெரிய சர்ச்சையாகிப் பின்வாங்கப்பட்டது. ஆகவே பாலியல் கல்வியாளராக வர விரும்புகிறவர் பாடத்திட்டம் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தும் தகப்பனோடு கதைக்கவும் தெரிந்திருக்கவேண்டும். சட்டம் படித்தவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்திலிருந்து ஆரம்பித்து வேலைக்குக் குறைவே இல்லை.

தமிழ் தெரிந்திருப்பது

பல வருடங்களுக்கு முன், ஒரு அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வேறு அலுவலாக உட்கார்ந்திருந்தேன். திரைக்கு அந்தப்பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பேரன். அவருக்குச் சிங்களம் வராது, பையன்தான் மொழிபெயர்ப்பாளர். உடலுறவுக்குப் பிறகு இரத்தம் போகிறதா என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயின் எச்சரிக்கை அடையாளங்களில் ஒன்று அது. பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அம்மாச்சி, ஒங்களுக்கு சொகமானு கேக்குறாரு" என்றான்.

"ம்ம், சொகந்தான்."

டொக்டர் எழுதிக்கொண்டார். நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தமிழ் பேசும் வைத்தியர், தாதி, உளவளத்துணையாளர் எங்கே தேவை என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் திரைதான் ஞாபகம் வரும். தமிழ் வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஒருமுறை கொட்டாஞ்சேனையில், அச்சடித்த கேள்வித்தாளில் இருந்தபடியே 'பாலுறவு' என்று வாசித்தேன். எதிரே இருந்த அம்மா யோசித்துவிட்டு, "பாலா? நாங்க அங்கர் பால்மாதான் எடுக்கிறது" என்றார். அவர் பிழையில்லை. எங்களிடம் ஒன்றில் பாடப்புத்தகச் சொல் இருக்கிறது, இல்லாவிட்டால் தெருச் சண்டைச் சொல் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. 'ஒன்றாக இருப்பது' என்று கேட்டால் ஒரே வீட்டில் இருப்பது என்று எடுக்கிறார்கள். 'குடும்பமாக இருப்பது' என்றால் மாமியாரையும் சேர்த்துக் கணக்குச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தவருக்கு விளங்கும் மறைசொல் மலையகத்தவருக்கு விளங்காது, மட்டக்களப்பு வேறு, கொழும்பு முஸ்லிம் வீடுகள் வேறு. இதைச் சரியாகக் கேட்கத் தெரிந்த ஒருவருக்கு எந்தக் கணக்கெடுப்பிலும் முதல் வரிசையில் இடம் கிடைக்கும்.

காசு, வீடு, கலியாணம்

அரச வேலை மெதுவானது, ஆனால் ஓய்வூதியம் உண்டு. தொண்டு நிறுவன வேலை சுவாரசியமானது, ஆனால் ஒப்பந்தம் ஒரு வருடம் இரண்டு வருடம், கொடையாளர் கையை விரித்தால் கதிரை போய்விடும். 2025இன் தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது உலகம் முழுக்க இப்படி நடந்தது. குடும்பத் திட்டமிடல் சங்கம் போல 1953இலிருந்து நிற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, ஆனாலும் திட்டங்கள் வந்து போய்க்கொண்டுதான் இருக்கும். தனியார் சிகிச்சை நிலையம் நடத்தலாம், பெயர் எடுக்க வருடங்கள் பிடிக்கும்.

வீட்டில் என்ன சொல்வது என்பது தனிப் பிரச்சினை. நான் 'சுகாதாரக் கணக்கெடுப்பு' என்று சொல்லித்தான் காலத்தை ஓட்டினேன், பொய்யும் இல்லை. சொந்த வாழ்க்கையில் ஒரு கேள்வி இருந்து அதற்குப் பதில் தேடி இந்தத் துறைக்கு வருகிறவர்களும் உண்டு, அதில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கேள்வியை முதலில் இன்னொருவர் அறையில் கதிரையில் இருந்து பேசித் தீர்த்துவிட்டு வந்தால் நோயாளிக்கு நல்லது.

றிசல்ட் வருமுன்

அவளுக்குச் சொன்னது இரண்டு விஷயம். மருத்துவம் கிடைத்தால் அந்தக் கதவு, கிடைக்காவிட்டால் தாதியியல், உளவியல், சமூகவியல் இவற்றில் எது என்று பார்க்க, அந்தந்த வேலை செய்யும் ஒருவரையாவது நேரில் சந்தித்து ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேள். இரண்டாவது, இந்தக் கேள்வியைத் தமிழில் எழுது: கடந்த ஆறு மாதத்தில் உடலுறவின்போது வலி இருந்ததா? அம்மம்மாவுக்கு விளங்கவேண்டும், அவ முகத்தைத் திருப்பக்கூடாது, பாடப்புத்தகச் சொல் வரக்கூடாது.

நாலு நாள் கழித்துக் கொப்பியோடு வந்தாள். ஐந்து வசனம் எழுதியிருந்தாள். நாலு வெட்டப்பட்டிருந்தன. ஐந்தாவதில் ஒரு சொல்லின் கீழ் மூன்று கோடு.

"இதை ஆரிட்டக் கேட்டுப் பாத்தனி?"

"இன்னும் இல்ல. அம்மம்மா பின்னேரம் நித்திரையால எழும்பட்டும்."